ஈசானிய மூலைக் குடம்

அண்ணி,

இன்று காலையும் உங்கள் குடத்தில் கால் விரலை இடித்துக்கொண்டேன். இந்த மூன்று மாதத்தில் எத்தனையாவது தடவை என்று கேட்காதீர்கள். சமையலறைக்குப் போகிற வழியில், ஆள் நடக்கிற இடத்தில், ஒரு பித்தளைக் குடத்தை விளிம்பு வரை நிரப்பி வைத்துக்கொண்டு யாராவது குடித்தனம் நடத்துவார்களா? அதுவும் குழாயைத் திருகினால் தண்ணீர் கொட்டுகிற வீட்டில். இன்றைக்கு நகர்த்தியே தீருவது என்று குனிந்தேன். குனிந்தவள் விரலைத் தேய்த்துவிட்டு, உங்களை நாலு வார்த்தை திட்டிவிட்டு, நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.

அந்த நேரம் பார்த்து உங்கள் மகள் கமலத்தின் பேத்தி வந்தாள். பதின்மூன்று வயது, இடைநிலைப் பள்ளியில் முதலாம் படிவம் படிக்கிறாள். அடுத்த வாரம் பரீட்சையாம். சரித்திரமும் பூகோளமும் மண்டையில் ஏறவில்லையாம். அம்மாக்காரி ஆயர் குரோவில் வேலைக்குப் போகிற வழியில் இவளை என்னிடம் இறக்கி விட்டுப் போயிருக்கிறாள். வந்தவள் பெரிய வரைபடம் ஒன்றைத் தரையில் விரித்தாள். வடக்கை எங்கள் பின்வாசல் பக்கம் வைத்து விரித்தாள். பின்வாசல் தெற்கு.

"அப்படி வெக்காதே. திருப்பி வை" என்றேன்.

"பேப்பர்தானே பாட்டி. எப்படி வெச்சா என்ன?"

எனக்குச் சுள்ளென்று வந்தது. அவள் மேல் இல்லை, உங்கள் மேல். அறுபது வருஷத்துக்கு முன்னால் இதே வார்த்தையை உங்களிடம் நான் சொன்னேன். "தரைதானே அண்ணி, எங்கே கிறுக்கினா என்ன?" என்று. அன்றைக்கு நீங்கள் என்னைப் பார்த்த பார்வையைத்தான் இன்று நான் இந்தப் பெண்ணைப் பார்த்திருக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டு திருப்பி வைத்தாள்.

மலாக்காவில், காஜா பெராங்கில் நாம் இருந்த பலகை வீடு உங்களுக்கு மறந்திருக்காது. ஜப்பான்காரன் வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அரிசியைக் கண்ணால் பார்ப்பதே அரிது, மூன்று வேளையும் மரவள்ளிதான். எனக்குப் பதினேழு வயது. சண்டைக்கு முன்னால் ஏழாம் வகுப்பு முடித்திருந்தேன், அந்தத் திமிர் கொஞ்சம் இருந்தது. உங்களுக்கு இருபத்தாறு இருக்கும். பள்ளிக்கூடத்து வாசலை மிதித்தவர் இல்லை. உங்கள் மகள் கமலத்துக்குப் பன்னிரண்டு முடிய இருந்தது.

அண்ணனைக் குறை சொல்ல மாட்டேன். ராணுவ லாரி தெருவில் திரும்பும் போதெல்லாம் அவருக்கு முகம் வெளுத்துவிடும். பக்கத்துத் தெருவில் பெண் பிள்ளைகளுக்கு முடியை வெட்டி, கால்சட்டை மாட்டி, பையன் என்று சொல்லி வைத்திருந்தார்கள். தாலி ஏறிவிட்டால் கொஞ்சம் காவல் என்று ஊரே நம்பியது. ஒரு நாள் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே அண்ணன் சொன்னார்.

"உஜோங் பாசிர்ல இருந்து கமலத்தைக் கேட்டுட்டாங்க. பொண்டாட்டி செத்து ஆறு மாசம் ஆகுது. வயசு முப்பத்தி நாலு. நல்ல மனுஷன். தையில முடிச்சிடலாம்."

"அவ படிக்கிறாளே" என்றீர்கள்.

"என்ன படிக்கிறா? பூகோளத்துல சைபர், சரித்திரத்துல சைபர். வாத்தியார் என்னைக் கூப்பிட்டே சொல்லிட்டாரு." துண்டில் கையைத் துடைத்தார். "சரி. இந்தப் பரீட்சையில தேறி மேல் வகுப்புக்குப் போனான்னா நானே வேணாம்னு சொல்லி அனுப்புறேன். தேறலைன்னா நீ வாயைத் திறக்கக் கூடாது."

நீங்கள் சரி என்று தலையாட்டினீர்கள். உங்களுக்குக் கல்யாணம் ஆனபோது வயது பதின்மூன்று. அதைப் பற்றி நீங்கள் என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான். தாலி கட்டும்போது பாண்டி ஆடுகிற சில்லு உங்கள் இடது கைக்குள் இருந்தது, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கடைசி வரை மூடியே வைத்திருந்தீர்கள். அன்று இரவு பாத்திரம் கழுவும்போது என்னிடம், "பார்வதி, அவளைத் தேத்தி விடு. நீ படிச்சவ" என்றீர்கள். அவ்வளவுதான். பெரிய பொறுப்பு ஒன்றை என் தலையில் கட்டிவிட்டு அடுப்பைத் துடைக்கப் போய்விட்டீர்கள்.

அந்தப் பாடத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருகிறது. சிங்கப்பூர் என்று சொல்லக் கூடாது, சியோனான். ஜப்பான் என்று சொல்லக் கூடாது, நிப்பொன். வருஷத்தை நம் கணக்கில் எழுதக் கூடாது, ஜப்பான் கணக்கில் இரண்டாயிரத்து அறுநூற்று மூன்று. கடிகாரத்தையும் ஒன்றரை மணி முன்னால் தள்ளித் தோக்கியோ நேரத்துக்கு வைக்க வேண்டும். பழைய புத்தகத்தில் வெள்ளைக்காரன் படம் இருந்த பக்கங்களையும் வரைபடங்களையும் மரவள்ளிமாவுப் பசையால் வெள்ளைத் தாள் ஒட்டி மூடிவிட்டார்கள். ஊர்ப் பெயர்கள் மட்டும் ஒரு பட்டியலாக இருந்தன. வரைபடத்தையே பார்க்காமல் பூகோளம் படிக்க வேண்டிய பிள்ளைகள் அவர்கள். எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான், மனப்பாடம். நான் சொல்ல அவள் சொல்ல வேண்டும். தப்பினால் கட்டைக் கோலால் முட்டியில் ஒன்று.

உங்கள் மகள் என் உயிரை வாங்கினாள். வருஷத்தைச் சொல்லிக் கொடுத்தால், "அத்தை, அப்ப எனக்கு அறுநூத்து எழுபத்திரண்டு வயசா?" என்பாள். பர்மா நிப்பொனுக்கு வடக்கே என்பாள். ஜாவா மலாக்காவுக்கு எந்தப் பக்கம் என்றால் விட்டத்தைப் பார்ப்பாள். நான் கத்துவேன். பக்கத்து வீட்டுச் செட்டி அம்மாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து மலாயில், பிள்ளையைக் கொன்றுவிடாதே என்பார். பரம்பரையாக மலாயே பேசுகிற மலாக்காச் செட்டிகள், அந்த அம்மாளுக்குத் தமிழ் வராது, ஆனால் என் கத்தலைப் புரிந்துகொள்ளத் தமிழ் தேவைப்படவில்லை.

பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது நீங்கள் உள்ளே நுழைந்தீர்கள்.

"நீ சொல்றியே நிப்பொன், அது எந்தப் பக்கம்?" என்று கேட்டீர்கள். கையில் அகப்பை.

"வடகிழக்கு."

"வடகிழக்குன்னா ஈசானிய மூலைதானே?"

"மூலை கீலையெல்லாம் இல்ல அண்ணி. இது பூகோளம்."

"அதான் கேக்குறேன். ஈசானிய மூலைன்னா நம்ம தண்ணிக்குடம் இருக்கிற இடம்." திரும்பி அவளிடம், "கமலம், தண்ணிக்குடம் எங்கேடி இருக்கு?" என்றீர்கள். அவள் யோசிக்காமல் கையை நீட்டினாள். "அதான் நிப்பொன்" என்றீர்கள்.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் நீங்கள் நிறுத்தவில்லை. மறுநாள் சமையலறைத் தரையைத் துடைத்துவிட்டு அடுப்புக்கரியால் கோடு போட ஆரம்பித்தீர்கள். நடுவில் கிடந்த அம்மிதான் மலாக்கா. ஒவ்வொரு பெயராக என்னைக் கேட்டீர்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு திசை சொன்னேன். ஜாவா தென்கிழக்கு என்றதும், "அக்னி மூலை, அடுப்பு" என்றீர்கள். பர்மா வாயு மூலையில் முறம் மாட்டியிருந்த ஆணிக்குக் கீழே போயிற்று. சுமத்திரா தென்மேற்கில், கன்னி மூலையில், காலியாகக் கிடந்த அரிசிப் பானைக்குப் பக்கத்தில். சயாம் நேர் வடக்கே விறகுக் கட்டு. உங்கள் ஆசியாவில் நடக்கப் பயந்து நான் ஒரு வாரம் சுவரோரமாகவே போய் வந்தேன்.

"தரைதானே அண்ணி, எங்கே கிறுக்கினா என்ன? இதைப் பரீட்சையில வந்து யாரு பார்க்கப் போறா?" என்று ஒரு நாள் கேட்டே விட்டேன்.

"அதது அதது இருக்கிற இடத்துல இருந்தாத்தான் புள்ளைக்கு நிக்கும்" என்றீர்கள். அந்தப் பார்வையைப் பார்த்தது அப்போதுதான்.

பிறகு நீங்கள் செய்ததெல்லாம் அவளை வேலை வாங்கியதுதான். "ஜாவாவுல சாம்பலை அள்ளு." "சயாம்ல இருந்து ரெண்டு கட்டை எடு." "நிப்பொன்ல ஒரு சொம்பு மொண்டுக்கிட்டு வா." நான் மூன்று மாதம் கோலால் அடித்து ஏற்றாதது பத்து நாளில் ஏறிவிட்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. பொறாமையில் வெந்தேன். இதை உங்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன்.

அதோடு விட்டதா? ஒரு நாள் மத்தியானம் கமலம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையைக் கீழே போட்டாள்.

"அத்தை, நாங்க எல்லாரும் தினமும் சுமத்திராவைக் கும்பிடுறோம்."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. தினமும் காலையில் பிள்ளைகள் திடலில் வரிசையாக நின்று, தோக்கியோவில் இருக்கிற ஜப்பான் சக்கரவர்த்தியின் அரண்மனை இருக்கும் திசையைப் பார்த்துக் குனிந்து வணங்க வேண்டும். அது சட்டம். அந்தப் பள்ளிக்கூடம் கடலோரம். கொடிமரம் வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே கடல் பக்கம் நட்டிருந்தது. கொடியைப் பாருங்கள் என்று தலைமையாசிரியர் சொல்லியிருக்கிறார், பிள்ளைகள் கொடியைப் பார்த்துக் குனிந்திருக்கிறார்கள். நம் ஊரில் கடல் தென்மேற்கு. தோக்கியோ அவர்களுக்குச் சரியாக முதுகுப் பக்கம்.

"காலையில வெயில் முதுகுல அடிக்குது அத்தை. நிழல் முன்னால விழுது. அப்ப எப்படி அது நிப்பொன் பக்கம் ஆகும்?"

நீங்கள் சிரித்தீர்கள். இதை வெளியில் ஒரு வார்த்தை சொன்னால் தலைமையாசிரியரைப் பிடித்துக்கொண்டு போவார்கள், நம்மையும் கேட்பார்கள் என்று சத்தம் போட்டேன். கமலத்தின் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கினேன். எல்லாரும் எந்தப் பக்கம் நிற்கிறார்களோ அந்தப் பக்கம்தான் நீயும் நிற்க வேண்டும், தப்போ சரியோ, உனக்கென்ன. அவள் சரி என்றாள். நீங்கள் சிரிப்பை நிறுத்திவிட்டு மரவள்ளித் தோலை உரிக்க ஆரம்பித்தீர்கள். எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

எழுத்துப் பரீட்சை ஒரு மாதிரி முடிந்தது. கடைசி நாள் ஜப்பானிய அதிகாரி ஒருவர் வந்து வாய்மொழியாகக் கேட்பார், அவர் திருப்திப்பட்டால்தான் மேல் வகுப்பு என்றார்கள். வீட்டுக்காரர்களும் வரலாம் என்று சொல்லியிருந்தார்கள். நீங்களும் நானும் காஜா பெராங்கிலிருந்து நடந்தே போனோம். தோக்கியோ நேரம் எட்டு என்றால் அப்போதுதான் விடிகிறது. வேலிக்கு வெளியே நின்றோம். நீங்கள் முந்தானை நுனியைத் திருகிக்கொண்டே இருந்தீர்கள்.

கட்டளை கேட்டது. வரிசை வரிசையாகப் பிள்ளைகள் கொடிமரத்தைப் பார்த்துக் குனிந்தார்கள். இரண்டாவது வரிசையில் ஒரு பாவாடை மட்டும் அப்படியே பின்னால் திரும்பியது. கொடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உங்கள் மகள் நிதானமாகக் குனிந்தாள்.

நான் உங்கள் கையைப் பிடித்தேன். என் நகம் பதிந்து மூன்று நாள் தழும்பு இருந்ததாக அப்புறம் சொன்னீர்கள். கொடிக்கு முதுகு காட்டினால் என்ன நடக்கும் என்று ஊருக்கே தெரியும். அதிகாரி கத்தியைப் பிடித்துக்கொண்டு வரிசைக்குள் நடந்து வந்தார். அவரோடு மொழிபெயர்க்கிற ஆசிரியர் ஓடி வந்தார். திடலில் ஒரு சத்தம் இல்லை, அதனால் எல்லாம் கேட்டது.

"ஏன் திரும்பினே?"

கமலம் கையை நீட்டினாள். "தோக்கியோ அங்கே இருக்கு."

அதிகாரி அவள் காட்டிய பக்கம் பார்த்தார். சூரியனைப் பார்த்தார். தரையில் நீண்டு கிடந்த நிழல்களைப் பார்த்தார். கொடிமரத்தைக் காட்டி ஏதோ கேட்டார்.

"அந்தப் பக்கம் என்னன்னு கேக்குறாரு" என்றார் ஆசிரியர்.

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தோளுக்கு மேலே கட்டைவிரலைக் காட்டி, "சுமத்திரா" என்றாள்.

பர்மா கேட்டார். இடது கையை நீட்டினாள். ஜாவா கேட்டார். வலது கை. சயாம். ஒன்றுக்கும் யோசிக்கவில்லை. அந்தத் திடலில் அம்மி எங்கே, அடுப்பு எங்கே என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார். அவள், "எங்க வீட்டுத் தண்ணிக்குடம்" என்றாள். அந்த ஆசிரியர் புண்ணியவான், அதை எப்படி மாற்றிச் சொன்னாரோ தெரியாது. அதிகாரி தலையை அசைத்தார். பிறகு நேராகத் தலைமையாசிரியரிடம் போய் இரண்டு கன்னத்திலும் மாறி மாறி அறைந்தார். மூக்குக் கண்ணாடி புல்லில் விழுந்தது. மறுபடி கட்டளை. இந்தத் தடவை முழுப் பள்ளிக்கூடமும் திரும்பி நின்று குனிந்தது.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் உங்களைத் திட்டிக்கொண்டே வந்தேன். "சத்தியம் வாங்கினேனே. அவ மீறினா. நீங்கதானே சொல்லி விட்டீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லலை."

"காலையில வாசல்ல என்ன பேசினீங்க?"

"தண்ணிக்குடம் எங்கே இருக்குன்னு கேட்டேன். அவ்வளவுதான்."

அந்தப் பதிலைக் கேட்டு எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் முழுசாக அடங்கவில்லை. பிள்ளையைக் கொண்டுபோயிருந்தால்? உங்களை? கேட்டால் நீங்கள் அழுதீர்கள். நான் திட்டியதற்காக அழுகிறீர்கள் என்று நினைத்தேன். "நம்ம புள்ள தேற அந்த மனுஷன் அடி வாங்கிட்டாரே" என்றீர்கள்.

அன்று மாலையே முருங்கைக்கீரைக் கட்டு ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனீர்கள். மனிதருக்குத் தாடை வீங்கியிருந்தது. உங்கள் மன்னிப்பை முழுக்கச் சொல்ல விடவில்லை.

"இருபது வருஷமா பூகோளம் நடத்துறேன்மா. கொடி எங்கேயோ அங்கே பாருன்னு சொல்லிட்டேன். எனக்கே தோணலை" என்றார். பிறகு, "தேறினவங்க பட்டியல்ல உங்க பொண்ணு பேரை முதல்ல எழுதிட்டேன். கை எழுதிடுச்சு. கன்னம்தான் ஒத்துக்கலை" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார், வலியில் முடியவில்லை. இந்தக் கதையை வீட்டில் யார் வேடிக்கையாகச் சொல்ல ஆரம்பித்தாலும் நீங்கள் எழுந்து போய்விடுவது அதனால்தான் என்று எனக்கு மட்டும் தெரியும்.

அண்ணன் எல்லாவற்றையும் கேட்டார். ஆள் அனுப்புவதாகத்தான் சொல்லியிருந்தார். சட்டையை மாட்டிக்கொண்டு, சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு, சம்பந்தம் வேண்டாம் என்று சொல்ல உஜோங் பாசிருக்குத் தானே போனார். கமலம் அப்போது முற்றத்தில் பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள்.

பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். அவள் ஆஸ்பத்திரியில் தாதி ஆனாள். இருபத்தைந்து வயதில், தானே பிடித்துப்போய்க் கல்யாணம் செய்துகொண்டாள். செங் என்கிற இடத்தில் இருந்த தன் வீட்டில் உங்களை வைத்துக்கொண்டாள். அந்த வரிசை வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இருந்தது, குழாய் மூன்று இருந்தது, நீங்கள் கூடத்து மூலையில் குடத்தை வைத்தீர்கள். மருமகன் இடித்துக்கொண்டார், பேரப்பிள்ளைகள் தட்டிவிட்டார்கள். எடுத்து வைக்கச் சொல்லி நானே எத்தனை தடவை சண்டை போட்டேன். தினமும் காலையில் நிரப்பினீர்கள்.

உங்களுக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

மூன்று மாதத்துக்கு முன்னால், நீங்கள் போன அன்று, உங்களைக் கூடத்தில் கிடத்தும்போது தலையைத் தெற்கே வைக்க வேண்டும் என்றார்கள். தெற்கு எது? ஆண்கள் நாலு பேர் நாலு பக்கம் காட்டினார்கள். ஒருவர் பெரிய ரோட்டை வைத்துச் சொன்னார். ஒருவர் வாசல் கிழக்கு என்று அடித்துப் பேசினார். அன்றைக்கென்று மழை மூட்டம், சூரியனும் இல்லை. உங்களைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே சண்டை. என்னால் பார்க்க முடியவில்லை. காலையிலிருந்து சுவரோரம் உட்கார்ந்திருந்த கமலம் எழுந்து வந்தாள். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கூடத்து மூலையில் இருந்த குடத்தைப் பார்த்தாள்.

"அம்மா தலையை இந்தப் பக்கம் திருப்புங்க" என்றாள்.

திருப்பினார்கள். நான் அதுவரை அழவில்லை அண்ணி.

காரியம் முடிந்து புறப்படும்போது குடத்தை நான் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். என் வீட்டில் அதை இந்த இடத்தில் வைத்ததும் நான்தான், வேறு யாரும் இல்லை. சமையலறை வழியில்தான் ஈசானிய மூலை வருகிறது, நான் என்ன செய்ய.

இன்று கமலத்தின் பேத்தி வரைபடத்தின் முன்னால் உட்கார்ந்து விழித்துக்கொண்டிருந்தாள். மலாக்காவிலிருந்து ஜப்பான் எந்தத் திசை என்று கேட்டேன். தெரியவில்லை என்றாள். மனப்பாடம் செய் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"தண்ணிக்குடம் எங்கே இருக்கு?" என்று கேட்டுவிட்டேன்.

"நீங்க தினமும் இடிச்சுக்கிற இடத்துல" என்று கையை நீட்டினாள்.

விரல் இன்னும் வலிக்கிறது. எழுந்து போய்ப் பார்த்தேன், குடத்தில் தண்ணீர் பாதிக்கு இறங்கியிருந்தது. உங்களைத் திட்டிக்கொண்டே நிரப்பி வைத்தேன்.